ஒன்பது பேரும் நலம்

நவம்பர் 28, வியாழன்

இதைப் புவியியல் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி எழுதுகிறேன். முன்பக்கம் திறந்து பார்க்கிறவர்களுக்கு மண் வகைகள்தான் தெரியும். அம்மா தூங்குகிறாள், அல்லது தூங்குவதுபோல் படுத்திருக்கிறாள். டார்ச் போர்வைக்குள் இருக்கிறது.

மாலைச் செய்தியில் சொன்னார்கள். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போன தூத்துக்குடித் தோணி ‘அடைக்கல மாதா’ புயலில் சிக்கி நேற்று மூழ்கிவிட்டது. கடற்படைக் கப்பல் போய் தோணியில் இருந்த ஒன்பது பேரையும் உயிரோடு மீட்டது. மீட்புப் பணி நிறைவடைந்தது. அவ்வளவுதான். அடுத்து கரும்பு விலை.

தெருவே வெளியே வந்துவிட்டது. கோயில் மணி அடித்தார்கள். தோணியை நடத்திப் போன தண்டல் என் தாய்மாமா பெலிக்ஸ். மாமாவின் மனைவி அமலி அத்தை வீடு வீடாகச் சீனி கொடுத்தாள். அம்மாவும் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். வாயில் போடவில்லை. கை வியர்த்துச் சீனி கரையும்வரை அப்படியே நின்றாள்.

தோணியில் போனவர்கள் பத்துப் பேர். பத்தாவது ஆள் என் அப்பா.

நவம்பர் 29, வெள்ளி

எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை இங்கே எழுதிவைக்கிறேன். இன்றிலிருந்து அது யாருக்கும் தெரியாது என்று ஆகிவிட்டது.

கடலோடிகள் எல்லோருக்கும் ஒரு புத்தகம் உண்டு. அதைப் புதுப்பிக்கக் கண் பரிசோதனையில் தேற வேண்டும். ஆகஸ்டில் அப்பா தேறவில்லை. ஏன் தேறவில்லை என்று எழுதப் போவதில்லை. புத்தகம் இல்லாவிட்டால் ஆள் பட்டியலில் பெயர் வராது. ஆனால் பெலிக்ஸ் மாமா அப்பாவைச் சமையலுக்குக் கூட்டிப் போனார். கண் தெரியாவிட்டால் என்ன, சோற்றுப்பானை எங்கே இருக்கிறதென்று மச்சானுக்குக் கை சொல்லும் என்றார். அதிகாரிகள் தோணியில் ஏறி, பட்டியலை வைத்து எண்ணி, கையெழுத்துப் போட்டு இறங்கிப் போவார்கள். துறைமுகத்தைத் தாண்டியதும் அப்பா ஒரு வள்ளத்தில் போய் ஏறிக்கொள்வார். மூன்று நடை அப்படிப் போய் வந்தார். இது நான்காவது.

காலையில் தோணி முதலாளியின் கணக்கர் தொம்மை வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பேசினார். பத்து என்ற பேச்சே எழக்கூடாது. எழுந்தால் பெலிக்ஸின் லைசென்ஸ் போய்விடும், அவன் உள்ளே போவான், தோணிக்கு இன்சூரன்ஸும் வராது, எட்டு வீட்டில் அடுப்பு எரியாது. யாராவது கேட்டால் அப்பா கேரளத்துக்கு வலை வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்ல வேண்டும். அம்மா தலையை ஆட்டினாள். போகும்போது கணக்கர் என்னைப் பார்த்தார்.

“இந்தப் பிள்ளைதான நல்லாப் படிக்கி? படிக்கிற பிள்ளைக்கு வாய் நீளக்கூடாது என்ன.”

பயமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

பள்ளியில் கதீஜாவிடம் மட்டும் சொன்னேன். அவள் அண்ணன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அங்கே எல்லாப் பேப்பரும் வரும். மூன்று பேப்பரைப் பாவாடைக்குள் மடித்துக் கொண்டுவந்தாள். மத்தியானம் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தோம். ஒன்றில் ஒன்பது பேர். இன்னொன்றிலும் ஒன்பது பேர், ஓர் ஆடு. மாலைப் பேப்பரில் பதினொரு பேர்.

பதினொன்று என்றால் பத்தும் அதற்குள் இருக்கும். கதீஜாதான் மேலே வாசித்தாள். அந்தப் பேப்பரில் தோணி நாகப்பட்டினத்துடையது, ஏற்றிய சரக்கு சிமெண்டு என்று இருந்தது. சரக்கு வெங்காயம். மூட்டை ஏற்றும்போது நானே பார்த்தேன். சரக்கைத் தப்பாக எழுதுகிறவன் ஆளை மட்டும் சரியாக எண்ணியிருப்பானா என்று கேட்டாள். ஒன்பது என்று எழுதிய முதல் பேப்பரில் வெங்காயம் சரி, மாமா பெயர் சரி, மாமாவின் வயதுகூடச் சரி.

சரியாக எழுதிய பேப்பர்தான் எனக்கு வேண்டாத பேப்பர்.

நவம்பர் 30, சனி

தண்ணீர் எட்டுக் குடம். யூனிபார்ம் துவைத்தேன். அப்பாவின் கைலியும் அழுக்குக் கூடையில் கிடந்தது. அம்மா அதை எடுத்துத் தனியாக வைத்துவிட்டாள், துவைக்க வேண்டாம் என்றாள்.

டிசம்பர் 1, ஞாயிறு

பூசையில் சாமியார் ஒன்பது பேருக்காகவும் நன்றி சொன்னார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பெஞ்சு முன்னால் இருந்த தொம்மை கணக்கர் அப்போது ஏன் திரும்பிப் பார்த்தார் என்று தெரியவில்லை. அடுத்த பாட்டுக்குச் சத்தமாகப் பாடினேன்.

பூசை முடிந்து அத்தை அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். கொச்சியிலிருந்து மாமா எஸ்டிடி பூத்துக்குப் பேசினாராம். கடற்படைக்காரர்கள் வெள்ளைச் சட்டை கொடுத்திருக்கிறார்கள், மூன்று வேளையும் சோறு, மாமாவுக்குக் கால் பெருவிரல் நகம் பெயர்ந்திருக்கிறது, செவ்வாய்க்கிழமை வேனில் வருகிறார்கள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, இவரைப் பற்றி அண்ணன் ஏதாவது சொன்னாரா என்றாள்.

அத்தை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, லைன் சரியில்லை ரெஜினா, ஒன்றும் கேட்கவில்லை என்றாள்.

பெருவிரல் நகம் வரைக்கும் கேட்டிருக்கிறது.

டிசம்பர் 2, திங்கள்

இன்று போட்டோ வந்திருக்கிறது.

சரியாக எழுதிய அந்தப் பேப்பரில் இரண்டு படம், கடற்படை கொடுத்தது. முதலாவது புதன்கிழமை காலை விமானத்திலிருந்து எடுத்தது. இரண்டாவது அன்று மாலை, மீட்பின்போது. கதீஜா அதை எளிதில் நம்பவில்லை. பேப்பர்காரர்கள் பழைய படத்தை எடுத்துப் போட்டுவிடுவார்கள், போன வருஷ வெள்ளத்துக்கு அப்படித்தான் போட்டார்கள், முதலில் அது உங்கள் தோணிதானா என்று பார் என்றாள்.

வீட்டில் அம்மா கடைக்குப் போனபோது அப்பாவின் பூதக்கண்ணாடியை எடுத்தேன். தீப்பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்க வாங்கியது. அதை வைத்துப் பார்த்தால் படம் எல்லாம் வெறும் புள்ளி. கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கினால் புள்ளிகள் சேர்ந்து தோணியாகின்றன. எல்லாத் தோணியிலும் சமையல் பெட்டி வலப்பக்கம் இருக்கும். அப்பாவுக்கு இடக்கை. மாமாவிடம் சண்டை போட்டு அதை இடப்பக்கம் மாற்றி, மேலே எண்ணெய் டின்னை வெட்டிக் கூரை போட்டிருந்தார். படத்தில் பெட்டி இடப்பக்கம் இருக்கிறது. மேலே வெள்ளையாக ஒரு சதுரம் மின்னுகிறது.

எங்கள் தோணிதான்.

தலைகளை எண்ண முடியவில்லை. ஒரு தலைக்கு ஒரு புள்ளிகூட இல்லை. ஆனால் தோணிக்குப் பின்னால் கயிற்றில் கட்டிய சின்ன வள்ளம் தெரிகிறது. கரைக்குப் போய்வர எப்போதும் கட்டியிருப்பது.

இரண்டாவது படத்தில் ரப்பர் படகில் ஆட்கள் ஏறுகிறார்கள். இவர்களை எண்ணலாம். ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும். மாமா தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். ஒன்பது. நான்கு முறை எண்ணினேன். பின்னால் தோணியின் கடைப்பக்கம் தண்ணீருக்கு மேல் நிற்கிறது. அதில் கயிறு தொங்குகிறது. வள்ளம் இல்லை.

அப்பாவும் இல்லை, வள்ளமும் இல்லை.

இரண்டும் சேர்ந்து போயிருந்தால் அது நல்ல செய்தி. இதை யாரிடம் சொல்வது?

டிசம்பர் 3, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதாவிட்டால் நாளைக்கு நானே நான் கேட்கவில்லை என்று சொல்லிவிடுவேன்.

வேன் நான்கு மணிக்கு வந்தது. மாமா எங்கள் வீட்டைக் கடந்துதான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போனார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே போனாள். நானும் போனேன். என்னை வெளியே போகச் சொல்ல யாருக்கும் நினைவில்லை.

மாமா கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துச் சொன்னார். புதன்கிழமை மத்தியானம் தோணிக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. ஏறுவதற்கு இருந்தது பின்னால் கட்டிய வள்ளம் ஒன்றுதான். அதுவும் பாதி நிரம்பிவிட்டது. தண்ணீரை இறைக்க அப்பா வள்ளத்தில் குதித்தார். ஒரு மூட்டை வெங்காயமும் இரண்டு தண்ணீர் கேனும் தூக்கிப் போட்டார்கள். அடுத்தவர் இறங்குவதற்குள் கயிறு அறுந்தது. காற்று வள்ளத்தை மேற்கே தள்ளிக்கொண்டு போனது. அப்பா கையை ஆட்டினார். இரண்டு மணி நேரத்தில் கப்பல் வந்தது.

“கப்பல்ல ஏறுனதும் ஒரு ஆபீசர் லிஸ்டோட நின்னாரு ரெஜினா. ஒவ்வொருத்தனா எண்ணுனாரு. ஒம்பது, சரியான்னாரு. வாய் வரைக்கும் வந்துட்டு. சரின்னுட்டேன்.”

அம்மா அழவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

“அப்போ அவர யாருமே தேடல, என்னண்ணே?”

மாமா முகத்தை மூடிக்கொண்டார். அத்தைதான் பேசினாள். ஆறு நாளாகிவிட்டது, நடுக்கடலில் ஆறு நாள் யார் இருப்பார்கள், இனிச் சொல்லி என்ன, போனவருக்காக இருக்கிறவரை ஜெயிலுக்கு அனுப்பணுமா என்றாள். வெங்காயமும் தண்ணீரும் இருக்கிறதே என்று நான் சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேசியது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

திரும்பி வரும்போது அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். “ஏட்டி, நீ ஒண்ணும் கேக்கல.”

கேட்டேன் அம்மா. எல்லாமே கேட்டேன். மழை தினமும் பெய்கிறது. மழை பெய்தால் கேனில் தண்ணீர் நிரம்பும். அப்பா இருக்கிறார். ஒன்பது என்ற எண் இருக்கும்வரை யாரும் அவரைத் தேட மாட்டார்கள்.

நாளைக்குப் பள்ளி மைதானத்தில் பாராட்டு விழா. கடற்படை அதிகாரி வருகிறார். பூங்கொத்துக் கொடுக்க இரண்டு பிள்ளைகள். ஒன்று நான். தண்டலின் மருமகள் என்று டீச்சர் போன வாரமே தேர்ந்தெடுத்துவிட்டார்.

பயமாக இருக்கிறது. பயமாக இருக்கிறது. பயமாக இருக்கிறது. மூன்று முறை எழுதிவிட்டேன், போதும்.

டிசம்பர் 4, புதன்

பேப்பர் துண்டுகளை யூனிபார்ம் பாவாடை இடுப்பில் செருகியிருந்தேன். பூதக்கண்ணாடி கைக்குட்டையில்.

மேடையில் ஒன்பது நாற்காலி போட்டு ஒன்பது பேரும் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். மைக்கில் தொம்மை கணக்கர். அதிகாரி மலையாளி, தமிழ் பேசுகிறவர். நான் பூங்கொத்தைக் கொடுத்தேன். அவர் குனிந்து என் பெயர் கேட்டார். எனக்குப் பெயர் வரவில்லை. பேப்பரை எடுத்து நீட்டினேன்.

“சார், தோணியில பத்துப் பேரு. பத்தாவது ஆளு எங்கப்பா. வள்ளத்துல இருக்காங்க. தேடுங்க சார்.”

மைக் பக்கத்திலேயே இருந்தது. மைதானம் முழுவதும் கேட்டுவிட்டது. அவர் என்னையும் மாமாவையும் பார்த்தார். “லிஸ்டில் ஒன்பது அல்லே, மோளே?”

லிஸ்டில் ஒன்பது, தோணியில் பத்து என்றேன். படத்தை விரித்து, கண்ணாடியை அவர் கையில் கொடுத்து, வள்ளம் இருக்கிற படத்தையும் இல்லாத படத்தையும் காட்டினேன். அவரே பேப்பரைப் பிடித்துக்கொண்டார். தொம்மை கணக்கர் சிரித்துக்கொண்டே வந்தார். இந்தப் பிள்ளையின் அப்பா கேரளத்தில் இருக்கிறார், புயல் செய்தி கேட்டதிலிருந்து இதற்கு மூளை குழம்பிவிட்டது என்று சொல்லி என் தோளைப் பிடித்து இழுத்தார். வலித்தது. நான் மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது கீழே பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்தாள். அம்மா. கூட்டத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க அவள் மட்டும் நின்றாள். மேடையில் இருந்த அவள் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமா நாற்காலியிலிருந்து எழுந்தார். பெருவிரலில் கட்டு இருந்ததால் ஒரு கால் மடங்கியது.

“பிள்ள தோள விடும். பத்து சார். நான்தான் பொய் சொன்னேன்.”

அதிகாரி வேறு எதுவும் கேட்கவில்லை. வள்ளம் எத்தனை மணிக்குப் போனது, காற்று எந்தப் பக்கம், எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று கேட்டு, என் பேப்பரின் ஓரத்திலேயே எழுதிக்கொண்டு ஜீப்பை நோக்கி ஓடினார். விழா அதோடு முடிந்தது. என் பூங்கொத்து மேடையிலேயே கிடந்தது.

டிசம்பர் 5, வியாழன்

மாமாவை விசாரணைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். காலையில் எங்கள் வாசலில் யாரோ மீன் குடலைக் கொட்டியிருந்தார்கள். அம்மா பேசாமல் கழுவினாள். குழாயடியில் அத்தை என் குடத்தைத் தள்ளிவிட்டாள். தாலியறுக்கிறதுக்கு வந்தவளே என்றாள். நான் குடத்தை எடுத்து மறுபடியும் அதே இடத்தில் வைத்தேன். முறை என்னுடையது.

இனி எதற்கு மறைக்க? அப்பா கண் பரிசோதனையில் தேறாதது என்னால். ஜூலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் சுவரில் இருந்த இங்கிலீஷ் எழுத்துப் பலகையை அப்படியே எழுதி வந்தது நான். தினமும் ராத்திரி அப்பாவுக்கு மனப்பாடம் பண்ண வைத்தேன். இங்கிலீஷே தெரியாத அப்பா ஏழு வரியும் தலைகீழாகச் சொன்னார். பரிசோதனை அன்று டாக்டர் வேறு பலகை மாட்டியிருந்தார், தமிழ் எழுத்து. அப்பா அதைப் பார்த்து என் இங்கிலீஷ் எழுத்தை ஒப்பித்திருக்கிறார், கடகடவென்று. டாக்டர் சிரித்தாராம். வீட்டுக்கு வந்து அப்பாவும் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

மனப்பாடம் பண்ண வைக்காமல் இருந்திருந்தால், தெரியவில்லை என்று ஒழுங்காகச் சொல்லியிருப்பார். கண்ணாடி போட்டு வா என்று டாக்டர் இன்னொரு தேதி கொடுத்திருப்பார். ஏமாற்றியதால்தான் கொடுக்கவில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

விமானம் தேடுகிறது என்று வானொலியில் சொன்னார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றும் சொன்னார்கள். இந்த முறை ‘நிறைவடைந்தது’ என்று சொல்லவில்லை. இரண்டு முறை செய்தி கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

டிசம்பர் 7, சனி

மாலைப் பேப்பரில் கொட்டை எழுத்து: தோணிச் சமையல்காரர் உடல் கரை ஒதுங்கியது.

அம்மா தரையில் சரிந்துவிட்டாள். தெரு முழுக்க வந்துவிட்டது. குடலைக் கொட்டியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். அத்தைகூட வந்து வாசலில் நின்றாள். யாரோ அம்மாவின் தலைமுடியை அவிழ்க்கப் போனார்கள். நான் கையைத் தட்டிவிட்டேன். பேப்பரைக் கொடுங்கள் என்றேன்.

பதினொரு பேர் என்று போட்ட பேப்பர். சிமெண்டு என்று போட்ட பேப்பர். தலைப்பு இவ்வளவு பெரியதாக, கீழே விஷயம் ஏழே வரி. கண்ணாடி அதிகாரியிடம் போய்விட்டதால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சத்தமாக வாசித்தேன். சுமார் இருபத்தைந்து வயது. வலது கையில் தேள் பச்சை. அப்பாவுக்கு நாற்பத்தாறு. பச்சை குத்துகிற ஊசியைப் பார்த்தாலே மயங்குகிறவர்.

“இது எங்கப்பா இல்ல. எல்லாரும் வீட்டுக்குப் போங்க.”

ஒரு கிழவர் பிள்ளைக்குப் பிடிவாதம் என்றார். ஆமாம் என்றேன். கூட்டம் கலைய நேரமானது. அம்மா எழுந்து கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டாள்.

அந்த இருபத்தைந்து வயதுக்காரருக்கும் ஒரு வீடு இருக்கும். அங்கே செய்தியே போயிருக்காது. எங்கள் பெயரை ஒட்டி அவரை முடித்துவிட்டார்கள். அவருக்காக ஒரு அருள்நிறை மரியே சொன்னேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

மாதா திருநாள். பூசைக்குப் போகும் வழியில் பூத்துக்காரர் ஓடிவந்தார். அதிகாரி லைனில் இருக்கிறார், உன்னைத்தான் கேட்கிறார் என்றார்.

மினிக்காய்த் தீவிலிருந்து சூரை மீன் பிடிக்கப் போன படகு நேற்று கடலிலிருந்து ஓர் ஆளைத் தூக்கியிருக்கிறது. பேசச் சக்தியில்லை, முகம் வெந்து உரிந்திருக்கிறது, கையில் ஒரு காகிதமும் இல்லை. முனகுகிற பெயர் சரியாகப் புரியவில்லை, சரிபார்க்கப் பட்டியலிலும் பெயர் இல்லை. நேற்றைய பேப்பர் செய்தியை அதிகாரியும் பார்த்திருக்கிறார். இன்னொரு தடவை தப்பாக எண்ண எனக்கு விருப்பமில்லை, நீயே கேட்டு உறுதிப்படுத்து மோளே, தீவு லைன் கொடுக்கிறேன் என்றார்.

இரைச்சல். பிறகு யாரோ மூச்சு விடுவது கேட்டது. அப்பாவா என்றேன். ஒரு குரல் உம் என்றது. அது யாருடைய குரலாகவும் இருக்கலாம். மணலை அரைத்தமாதிரி இருந்தது. அம்மா ரிசீவரைப் பிடுங்கப் பார்த்தாள். நான் கொடுக்கவில்லை. பத்து நாளாகச் செய்தி என்று வந்த எதையும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை, இதையும் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் தப்பான பதில் வந்தால் என்ன செய்வது?

“ஆஸ்பத்திரிப் பலகையில மூணாவது வரி என்ன?”

இரைச்சல் மட்டும். பூத்து மீட்டரில் எண் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் நகம் என் கையில் பதிந்தது.

“டி,” என்றது குரல். “ஓ. இசட்.”

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“நாலாவதும் வேணுமா பிள்ள?”

ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். அம்மா உள்ளே கதவைச் சாத்திக்கொண்டாள். என்ன பேசினாள் என்று தெரியாது. வெங்காயம் என்ற வார்த்தை மட்டும் இரண்டு முறை கேட்டது.

மாமா இன்னும் வரவில்லை. லைசென்ஸ் நிச்சயம் போய்விடும் என்கிறார்கள். கணக்கர் சொன்ன மற்றதெல்லாமும் நடக்கலாம். அது பொய் இல்லை. சாயங்காலம் அம்மா ஒரு கிண்ணம் சீனியை எடுத்துக்கொண்டு முதலில் அத்தை வீட்டுக்குத்தான் போனாள். கதவு திறக்கவில்லை. உள்ளே விளக்கு எரிந்தது. அம்மா கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு, அண்ணனுக்கு வக்கீல் பார்க்க நானும் வருவேன் அமலி என்று மூடிய கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தாள். திரும்பிப் பார்த்தபோது கிண்ணம் அங்கே இல்லை.

நாளைக் காலை மூன்று பேப்பரையும் வாங்கிப் பார்க்க வேண்டும். பத்து என்று போட்டிருக்கிறார்களா, அப்பாவின் பெயர் சேசடிமை மச்சாது என்று சரியாக இருக்கிறதா, சரக்கு வெங்காயம்தானா என்று. தப்பாக இருந்தால் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவேன். பகலில், இந்த நோட்டின் முன்பக்கத்தில் தாளைக் கிழித்து, கீழே ஜெனோவா மச்சாது, பத்தாம் வகுப்பு என்று போட்டு.